மணிலாவில் ஒலித்த ‘போதும்’

 



குத்துச்சண்டை பற்றி ஜும்ஆ உரையில் என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் உலகப் புகழ்பெற்ற முஸ்லிம் ஒருவரின் பெயரைக் கேட்டால், பலர் தயங்காமல் முஹம்மது அலி என்பார்கள். அவருடைய படத்தைச் சட்டையில் அணிந்திருக்கும் இளைஞர்களும் உண்டு. அவர் வாழ்வில் எதைப் பின்பற்றுவது, எதைக் கண்டு எச்சரிக்கை அடைவது என்பதை அவர்களுக்குப் பிரித்துக் காட்டுவது நம் கடமையல்லவா? அதற்கு அவருடைய மிகக் கடுமையான ஒரு போட்டியின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். அன்று மேடையில் சண்டையிட்ட இருவரைவிட, மேடையின் ஓரத்தில் நின்ற முதியவர் ஒருவரிடமே நமக்குரிய பாடம் இருக்கிறது.

இரு வீரர்கள்

1975ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவை அடுத்த கெசோன் நகரின் பெரிய உள்விளையாட்டரங்கில் ஹெவிவெயிட் எனப்படும் அதிக எடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்கான போட்டி நடைபெற்றது. பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் முஹம்மது அலி. எதிர்த்து நின்றவர் ஜோ ஃபிரேசியர். அப்போது அந்நாட்டில் அதிபர் மார்க்கோஸின் இராணுவச் சட்ட ஆட்சி நடந்துகொண்டிருந்தது. உலகின் கவனத்தைத் தம் நாட்டின் பக்கம் திருப்ப விரும்பிய அவர், இப்போட்டியை அங்கு வரவழைத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்தைக் கருதி முற்பகலிலேயே போட்டி தொடங்கியது. அரங்கில் கடும் வெப்பம்.

இருவரும் அந்நியர்கள் அல்லர். ஃபிரேசியர் தென் கரோலினா மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்று, 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அலி, அதே 1964இல் உலகப் பட்டத்தை வென்றவுடன் தம் பழைய பெயரைத் துறந்து முஹம்மது அலி ஆனவர். தொடக்கத்தில் அவர் சேர்ந்திருந்த அமெரிக்கக் கறுப்பின இயக்கத்தின் கொள்கைகள் அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் கொள்கைகளுக்கு மாறுபட்டவை. 1972இல் அவர் ஹஜ் செய்தார். 1975இல் அவ்வியக்கத்தின் தலைவர் எலைஜா முஹம்மது மறைந்தபின், அவருடைய மகன் வாரிஸுத்தீன் முஹம்மது காட்டிய வழியில் அலியும் ஸுன்னத்தான பாதைக்கு வந்தார்.

வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஆனால் பட்டம் பறிக்கப்பட்டபின் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் அவரால் மேடை ஏற முடியவில்லை. கொள்கைக்காகப் பட்டத்தையும் பணத்தையும் இழக்கத் துணிந்த அந்த உறுதியை நம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும். அந்தச் சோதனையான நாள்களில் அவருக்கு மீண்டும் உரிமம் கிடைக்க வேண்டும் என்று ஆதரவாகப் பேசியவர்களில் ஒருவர் இந்த ஜோ ஃபிரேசியர். கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து உதவியவர்.

கையை முந்திய நாவு

இருவரும் மூன்று முறை மோதினார்கள். 1971 மார்ச் 8ஆம் நாள் நியூயார்க்கில் பதினைந்தாம் சுற்றில் அலியைக் கீழே வீழ்த்தி ஃபிரேசியர் வென்றார். 1974 ஜனவரியில் அலி வென்றார். அதே ஆண்டு அக்டோபர் 30இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாம் சுற்றில் வீழ்த்தி, இழந்த பட்டத்தையும் மீட்டார். மூன்றாவது மோதலே மணிலாவில் நடந்தது.

மணிலாப் போட்டிக்கு முந்தைய நாள்களில் அலி தம் எதிராளியைக் குரங்கினத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். எதுகை மோனையோடு வசை பாடினார். செய்தியாளர்கள் முன்னிலையில் சிறிய கொரில்லா பொம்மை ஒன்றை எடுத்து அதைக் குத்திக் காட்டினார். கூடியிருந்தோர் சிரித்தார்கள். காட்சியைக் காண வருவோரின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கான விளம்பர உத்தி என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். ஆனால் ஃபிரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேலியைத் தாங்க வேண்டியிருந்தது. வெள்ளையர்களில் இனவெறியர்கள் கறுப்பின மக்களை இழிவுபடுத்தப் பயன்படுத்திய அதே சொல்லை, கறுப்பின மக்களின் மானத்துக்காகப் போராடிய ஒருவரே தம் சகோதரர் மீது வீசினார் என்பதுதான் கொடுமை.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைக் கேலி செய்ய வேண்டாம், இழிவான பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அது வேடிக்கைக்காக என்றால் கூடும் என்று எந்த விலக்கும் அதில் தரப்படவில்லை. போட்டி நடந்த நாளையும் சற்றுக் கவனியுங்கள். அது ஹிஜ்ரி 1395ஆம் ஆண்டு ரமளான் மாதத்தின் பிற்பகுதி. பயணத்தில் இருப்பவருக்கு நோன்பில் சலுகை உண்டு. எனவே ஒருவருடைய நோன்பைப் பற்றி ஆராய்வது நம் வேலையன்று. ஆயினும், தம்மை ஒருவர் ஏசினால்கூடத் தாம் நோன்பாளி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த மாதத்தில், நாமே ஏசத் தொடங்கலாமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் மற்றொன்றும் இருக்கிறது. அலியைச் சுற்றி மேலாளர், பயிற்சியாளர், மருத்துவர், நண்பர்கள் எனப் பெருங்கூட்டம் இருந்தது. அவர்களில் எவருடைய குரலும் அந்த நாவைத் தடுத்து நிறுத்தவில்லை.

பதினான்கு சுற்றுகள்

ஒவ்வொரு சுற்றும் மூன்று நிமிடம். இடையில் ஒரு நிமிட ஓய்வு. அப்படிப் பதினைந்து சுற்றுகள் என்பது அன்றைய விதி. முதல் சில சுற்றுகளில் அலியின் கை ஓங்கியிருந்தது. விரைவில் முடித்துவிடலாம் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் நடுச் சுற்றுகளில் ஃபிரேசியர் நெருங்கிவந்து, விலாவிலும் வயிற்றிலும் ஓயாமல் தாக்கினார். அலி கயிற்றில் சாய்ந்து அடிகளை வாங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் சுற்றையொட்டி நிலைமை மீண்டும் மாறியது. அலியின் குத்துகள் ஃபிரேசியரின் முகத்தைக் குறிதவறாமல் தாக்கின. பதின்மூன்றாம் சுற்றில் ஃபிரேசியரின் வாயில் இருந்த பற்காப்பு தெறித்துப் பார்வையாளர் பக்கம் போய் விழுந்தது.

ஃபிரேசியரின் இடது கண்ணில் ஏற்கெனவே பார்வைக் குறைவு இருந்தது. அது அன்று பலருக்குத் தெரியாது. இப்போது வலது கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. எதிராளியின் வலக்கை எங்கிருந்து வருகிறது என்றே அவருக்குப் புலப்படவில்லை. அப்படியும் பதினான்காம் சுற்றில் அவர் முன்னேறிச் சென்றுகொண்டேயிருந்தார். பார்க்க முடியாத ஒரு மனிதர் அடியை நோக்கி நடந்து சென்றார்.

அந்த ஒரு சொல்

பதினான்காம் சுற்று முடிந்தது. ஃபிரேசியர் தம் மூலையில் வந்து அமர்ந்தார். மீதமிருந்தது ஒரேயொரு சுற்று, மூன்றே நிமிடம். அப்போது அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் போட்டியை நிறுத்த முடிவு செய்தார். அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. குத்துச்சண்டை மேடையில் அடிபட்டு இளைஞர்கள் உயிரிழந்ததைத் தம் கண்ணால் கண்டவர் அவர். ஃபிரேசியர் எழுந்து மறுத்தார், தம்மை விடுமாறு மன்றாடினார். முதியவர் அவருடைய தோளில் கைவைத்து உட்காரச் சொன்னார். எல்லாம் முடிந்துவிட்டது என்றும், அன்று அவர் செய்ததை எவரும் மறக்கமாட்டார்கள் என்றும் ஆறுதல் கூறினார். பின்னர் நடுவர் கார்லோஸ் பதியாவிடம் போட்டியை நிறுத்துமாறு தெரிவித்தார்.

எதிர் மூலையில் இருந்த அலியும் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. வெற்றி அறிவிக்கப்பட்டவுடன் மேடையிலேயே தளர்ந்து விழுந்தார். மரணத்துக்கு மிக அருகில் சென்று வந்ததைப் போல் இருந்தது என்று பின்னர் கூறினார். இன்னொரு சுற்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் பலர் வாதிடுகிறார்கள். அலி எழுந்திருக்கவே மாட்டார், ஃபிரேசியர் வென்றிருப்பார் என்போரும் உண்டு. எடி ஃபட்ச் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. ஃபிரேசியர் நல்ல தந்தை, அவர் தம் பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க வேண்டும் என்பதே தம் எண்ணமாக இருந்தது என்று பின்னாளில் விளக்கினார்.

அப்படியே ஆயிற்று. ஃபிரேசியர் அதன்பின் 36 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய மகள் ஒருவர் வழக்கறிஞராகி, பிலடெல்பியாவில் நீதிபதியாக அமர்ந்ததையும் அவர் கண்டார்.

சகோதரர்களே! ஒரு பட்டம், பெரும் பணம், தம் பெயருக்கு வரவிருந்த புகழ், தம் மாணவரின் கோபம் இவை யாவும் ஒரு தட்டில் இருந்தன. மறுதட்டில் ஓர் உயிர் இருந்தது. அந்த முதியவர் எடையைச் சரியாகப் பார்த்தார். நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தத்தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் புகாரி, முஸ்லிம் ஹதீஸை நாம் அடிக்கடி கேட்கிறோம். அக்கருத்துக்கு மேடையின் மூலையில் ஓர் உதாரணம் நின்றதை அன்று உலகம் பார்த்தது.

யாரும் நிறுத்தாத பயணம்

வென்றவருக்கு என்ன நேர்ந்தது? மணிலாவோடு அலி ஓய்வு பெற்றிருக்கலாம். அவர் தொடர்ந்தார். 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸ் என்ற வலிமைமிக்க வீரரிடம் பதினைந்து சுற்றுகள் கடும் அடி வாங்கி வென்றார். அதன்பின் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, அலியின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் பரிசோதனை அறிக்கையை அலிக்கும், அவர் மனைவிக்கும், மேலாளருக்கும் அனுப்பினார். எவரிடமிருந்தும் பதில் வரவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

1979இல் அலி ஓய்வை அறிவித்தார். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நம் சென்னைக்கு வந்தார். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டைப் பயிற்சி பெற்ற குழுக்கள் வாழ்ந்த வடசென்னையிலிருந்தும், பிற ஊர்களிலிருந்தும் மக்கள் நேரு விளையாட்டரங்கில் திரண்டார்கள். அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்களும் அங்கு வந்து சிறப்பித்தார். அலியோடு காட்சிப் போட்டியில் மோதியவர் ஜிம்மி எல்லிஸ். இவர் அலியின் சொந்த ஊரான லூயிவில்லைச் சேர்ந்த இளமைக்கால நண்பர். ஒரு காலத்தில் தாமும் உலகப் பட்டம் வைத்திருந்தவர். 1970 பிப்ரவரியில் இதே ஃபிரேசியரிடம் இவர் இருமுறை வீழ்ந்தபோது, ஐந்தாம் சுற்றுக்கு எழவிடாமல் தடுத்துக் காப்பாற்றியவர் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ. அவரேதான் அலிக்கும் பயிற்சியாளர்.

சென்னை மக்கள் கண்டது சிரிப்பும் விளையாட்டுமான அலியை. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் 38 வயதில் மீண்டும் பட்டத்துக்காக லேரி ஹோம்ஸ் முன் நின்றார். அதற்கு முன் நடந்த மருத்துவப் பரிசோதனையிலேயே ஒற்றைக் காலில் குதிப்பதிலும், விரலால் மூக்கைத் தொடுவதிலும் தடுமாற்றம் குறிக்கப்பட்டிருந்தது. அப்படியும் அனுமதி கொடுக்கப்பட்டது. பத்து சுற்றுகள் அவர் வெறுமனே அடிவாங்கினார். பிறகுதான் டண்டீ ‘போதும்’ என்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பஹாமாஸ் தீவில் மேலும் ஒரு தோல்வி. அத்துடன் முடிந்தது. மொத்தம் 61 போட்டிகள். 56 வெற்றி, 5 தோல்வி.

1984இல் அவருக்குப் பார்க்கின்ஸன் பாதிப்பு இருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தனர். தலையில் வாங்கிய அடிகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நாவன்மையால் உலகை ஆண்டவர் முப்பதாண்டுக்கும் மேலாகப் பேசச் சிரமப்பட்டார் என்பதை உலகமே கண்டது. அந்நோயை அவர் பொறுமையோடு ஏற்றார். 2001இல், முன்பு ஃபிரேசியரைப் பற்றிச் சொன்ன சொற்களுக்காக ஒரு நாளிதழ் வழியாக மன்னிப்புக் கேட்டார். ஃபிரேசியரோ அது தம்மிடம் நேரில் சொல்லப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தார். முகத்தின் வீக்கம் சில வாரங்களில் வடிந்திருக்கும். சொல்லின் வீக்கம் கால் நூற்றாண்டு கடந்தும் வடியவில்லை. 2011 நவம்பரில் ஃபிரேசியர் இறந்தபோது, நோயுற்ற உடலோடு அலி அவருடைய இறுதிச் சடங்குக்குச் சென்றார். 2016 ஜூன் 3ஆம் நாள் அலியும் மறைந்தார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக!

மார்க்கம் என்ன சொல்கிறது?

வலிமையை இஸ்லாம் வெறுக்கவில்லை. ருகானா என்ற மல்லரோடு நபி (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்து வென்றதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது. ஆனால் சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. எதிராளியின் முகத்தையும் தலையையும் தாக்கி நினைவிழக்கச் செய்வதே வெற்றி என்று வகுத்துக்கொண்ட விளையாட்டு, இக்கட்டளையோடு எப்படிப் பொருந்தும்?

1987ஆம் ஆண்டு மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் பேரவை, இன்றுள்ள முறையிலான குத்துச்சண்டை மார்க்கத்தில் கூடாது என்று தீர்மானித்தது. விளையாட்டை நடத்துவோரும் ஓரளவு விழித்துக்கொண்டார்கள். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக்-கூ மேடையில் அடிபட்டு இறந்தபின், உலகக் குத்துச்சண்டை மன்றம் பதினைந்து சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்பற்றின. மணிலாவில் ஒருவர் சொந்தப் பொறுப்பில் சொன்ன ‘போதும்’ என்பதை, ஓர் உயிர் போன பிறகு விதியாக எழுதினார்கள்.

நம் ஊரின் மூலைகள்

இந்தத் தாயில்பட்டியிலும் சுற்றியுள்ள வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்திலும் குத்துச்சண்டை மேடை இல்லை. ஆனால் ‘போதும்’ என்று சொல்ல ஆள் இல்லாததால் போன உயிர்களை நாம் நன்றாக அறிவோம். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது பட்டாசு ஆலைகளின் விதி. தீபாவளி நெருங்கும்போது அது என்னவாகிறது? மீந்துபோன மருந்துக் கலவையை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வைக்கப்படுகிறது. வெயில் உச்சிக்கு வந்தபின்னும் மருந்து செலுத்தும் வேலை தொடர்கிறது. அந்த இடத்தில் மூலையில் நிற்கும் எடி ஃபட்ச் யார்? போர்மேன். உள்குத்தகைக்கு எடுத்தவர். உரிமம் பெற்ற முதலாளி. இன்னும் பத்துப் பெட்டிதானே, இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று தொழிலாளியே கேட்பார். கூலி எண்ணிக்கைக்கு ஏற்பக் கிடைப்பதால் அவர் மன்றாடுவார். ஃபிரேசியரும் மூன்று நிமிடம்தான் கேட்டார். மறுத்தவரே அவரை நேசித்தவர்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. உதவ ஓடியவர்களும் அதில் உயிரிழந்தார்கள். தம் கைகளாலேயே தம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்று அல்பகராவின் 195ஆம் வசனம் எச்சரிக்கிறது. பிறரைத் தள்ளுவதற்கு மட்டும் அனுமதி உண்டா?

வீட்டுக்கும் ஒரு மூலை உண்டு. காய்ச்சலோடு வேலைக்குக் கிளம்பும் மகளை நிறுத்த வேண்டியவர் தாய். அனுமதியின்றி வீட்டிலேயே மருந்து உருட்டும் அண்டை வீட்டாரிடம் தனியே சென்று பேச வேண்டியவர்கள் ஜமாஅத்தார். கூட்டத்தில் ஒருவருடைய நிறத்தையும் உடலையும் பட்டப்பெயரால் கேலி செய்யும் இளைஞனை, சிரித்து ஊக்குவிக்காமல் நிறுத்த வேண்டியவன் அவனுடைய நண்பன். அநீதி இழைப்பவனுக்கும் உதவ வேண்டும், அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்ற கருத்தில் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அலியின் நாவுக்கு அப்படி ஒரு நண்பன் கிடைத்திருந்தால், 2001இல் கேட்ட மன்னிப்புக்குத் தேவையே இருந்திருக்காது.

பிறரை வீழ்த்துபவன் வீரன் அல்லன், கோபத்தின்போது தன்னை அடக்குபவனே வீரன் என்று நபி (ஸல்) அவர்கள் வீரத்துக்கு இலக்கணம் வகுத்தார்கள். தம்மை அடக்கிக்கொள்ள இயலாத நேரத்தில் ஒருவருக்கு அருகில் இருப்பவரின் அன்பான கை தேவைப்படுகிறது. இந்த வாரம் நம் பொறுப்பில் இருக்கும் எவரிடம் அச்சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். கோபித்துக்கொள்வார்களே என்று அஞ்ச வேண்டாம். அவர்கள் தம் பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கைகளையும் நாவுகளையும் தீங்கிலிருந்து காப்பானாக! ஆலைகளில் உழைக்கும் நம் மக்கள் அனைவரையும், எம்மதத்தவராயினும், மாலையில் நலமாக வீடு சேர்ப்பானாக! தக்க நேரத்தில் ‘போதும்’ என்று சொல்லும் துணிவையும், பிறர் சொல்லும்போது கேட்டுக்கொள்ளும் பணிவையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.